மகள் பெயரில் ஒரு பூட்டு

கொடைக்கானல் ஈரத்தில் கணினிகள் நெடுநாள் உழைப்பதில்லை, நீதிபதி ஐயா. அதனால் எங்கள் அலுவலக அறையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பு பகலிலும் எரியும். அந்தச் சூடு இருந்தால் பூஞ்சை பிடிக்காது. பூண்டிக்குப் போகும் சாலையில், கேரட் வயல்களுக்கு மேலே இருக்கும் சின்ன காட்டேஜ் அது. நான் அங்கே மேலாளர். முதலாளி மதுரையில் இருக்கிறார். அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதால்தான் சேர்ந்தேன். மாலையில் மூடுபனி ஏறி வந்து ஜன்னலை அடைத்ததும், அந்தப் பல்பின் வெளிச்சத்தில் புத்தகம் வாசிப்பேன்.

கேமராக்கள் பொருத்தியவர்கள், பதிவுகள் அந்தக் கணினியில் சேரும், அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காத சொல்லாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குக் குடும்பம் இல்லை. அப்படி ஒரு சொல் உடனே தோன்றவில்லை. மிஞ்சிய வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பொன்னன் சிரித்தார்.

"ஒத்தப் பேருக்கா சாமி இம்புட்டு யோசனை? எம் மக பேரைப் போடுங்க. நீங்க மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்."

ரம்யா என்று போட்டேன்.

பொன்னன் எங்கள் வேலையாள். அதே சாலைக்குக் கீழே காட்டோரத்தில் அவர் குடியிருப்பு. விறகு பிளப்பது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, மாலையில் விருந்தினர்களுக்காக முற்றத்தில் தீ மூட்டுவது எல்லாம் அவர்தான். மகள் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

தை மாதத்தில் திருப்பூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து தங்கினார்கள். மறுநாள் காலையில் இருவரும் எழுந்திருக்கவில்லை. மூடிய அறைக்குள் இரும்புச் சட்டியில் கரி கிடந்தது. கரிப்புகை என்றார் மருத்துவர். போலீஸ் வந்தது.

"நெருப்பு போட்டது யாருய்யா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"நாந்தான் சாமி" என்றார் பொன்னன். தினமும் தீ மூட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்? முற்றத்துத் தீயைக் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

பிறகு என்னிடம் கேமரா பதிவைக் கேட்டார்கள். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்றேன். அந்த நிமிடத்தில் உண்மையாகவே நினைவு வரவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அதிர்ச்சியில் அப்படி நேரும் என்று எங்கோ வாசித்திருக்கிறேன். மறுநாள் பல் தேய்க்கும்போது நினைவுக்கு வந்தது. ஆனால் மறந்துவிட்டது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. உடனே மாற்றிச் சொன்னால் நன்றாக இருக்காது.

கணினியை எடுத்துப் போகட்டுமா என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஈரத்தில் தூக்கினால் பழுதாகும், திறக்க ஆள் வருகிறான் என்றேன். பொன்னனே ஒப்புக்கொண்டிருந்ததால் அவருக்கும் அவசரமில்லை.

ஆள் என்றது முகேஷை. வத்தலக்குண்டில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். போனில் விஷயத்தைக் கேட்டதும் சிரித்தான்.

"இதுக்கா பயந்தீங்க? பத்து நிமிஷச் சோலிண்ணே. ஒரு பென்டிரைவ் போதும். நாளைக்கு வெள்ளனே கெளம்பி வந்துர்றேன்."

"ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு முகேஷ். சரியாகட்டும், நானே சொல்றேன்."

மரம் விழுந்தது உண்மை. மதியத்துக்குள் அறுத்து அகற்றிவிட்டார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

பொன்னனின் மனைவி ஒய்யம்மாள் தினமும் வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்திருப்பார். "பொட்டி தொறந்துருச்சா சாமி?" என்று ஒரு முறை கேட்பார். இல்லை என்றதும் பேசாமல் இருப்பார். மௌனமாக இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை.

ஒருநாள் அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். சிறையில் பொன்னனைப் பார்த்துவிட்டு, கிடைத்த முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"சாமி, அந்தப் பூட்டு எம் மக பேருதானாம். எங்காளு சொன்னாரு. நெருப்பை அமத்திட்டு நான் வீட்டுக்குக் கெளம்பினது கேமராவுல இருக்கும், வெரசா போயி சாமிகிட்டச் சொல்லுன்னாரு. போட்டுப் பாருங்க."

அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். நான் ரம்யா என்று தட்டினேன். தட்டிவிட்டு, கடைசியில் வேண்டாத இன்னொரு எழுத்தையும் அழுத்தினேன். திரையில் எல்லா எழுத்தும் வெறும் புள்ளிதான். தவறு என்று காட்டியது.

"தப்புங்குது ஒய்யம்மா."

"பெத்த புள்ள பேரு தப்பாப் போகுமா? இன்னொருக்கா போடுங்க சாமி."

இன்னொரு முறை அதேபோலத் தட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவருக்குத்தான் உள்ள கெடந்து புத்தி பிசகிருச்சு போல" என்றார் மெல்ல.

"மறதி எல்லாருக்கும் வரும் ஒய்யம்மா" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

கேமரா பதிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும், மிகப் பழைய நாளை அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்றைய நாளை எழுதிக்கொள்ளும். நான் எதையும் அழிக்கவில்லை. கேமராக்களை அணைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். படியில் காத்திருந்த ஒய்யம்மாளையும் அவை பதிவு செய்துகொண்டிருந்தன. அப்படிப் பதிந்த நாட்கள்தான் அந்த ஒரு நாளைத் தின்றன.

பிறகு முகேஷுக்குச் சொல்லி அனுப்பினேன். சொன்னபடி பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அந்த நாளு போயிருச்சேண்ணே" என்று உச்சுக்கொட்டினான். "போன வாரம் கூப்பிட்டிருந்தா கெடச்சிருக்கும். சரி, இந்தாங்க, புதுசா ஒரு பாஸ்வேர்ட் போடுங்க. இதையும் மறந்துறாதீங்க."

விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒய்யம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். விரல்கள் தாமாகவே தட்டி முடித்தன.

"என்னண்ணே, யோசிக்கவே இல்ல? வெரலு பாட்டுக்கு ஓடுது!" என்று சிரித்தான் முகேஷ். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று மாலை பொன்னன் முற்றத்துத் தீயில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு மின்சாரம் போய் ஹீட்டர் நின்றது; கேமராக்களும் கணினியும் மட்டும் பேட்டரியில் ஓடின. இளைஞர்களில் குகன் என்பவர் வந்து, "அண்ணே, அது ரூமா ஐஸ் பெட்டியா? ஒரே ஒரு ஸ்டார்தான் போடுவேன், பாத்துக்கங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் முதலாளி, இணையத்தில் விருந்தினர்கள் போடும் மதிப்பீட்டில் குறைகிற ஒவ்வொரு ஸ்டாருக்கும் விளக்கம் கேட்பவர். சமையலறை அடுப்பிலிருந்து கனன்ற கரியை அள்ளி இரும்புச் சட்டியில் போட்டு அவர்கள் அறைக்குக் கொண்டுபோனது நான். அறைக்குள் நெருப்பு வைக்கக் கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பும் நான் எழுதியதுதான். பனி உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகியதும் நான்தான். குகன் சட்டியின் மேல் கைகளை நீட்டிக்கொண்டு, "தெய்வம்ணே நீங்க" என்றார்.

பொன்னன் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். ஒய்யம்மாள் இப்போதும் வருகிறார். எதுவும் கேட்பதில்லை.

இதை அந்தக் கணினியில்தான் எழுதியிருக்கிறேன். உடனே அச்செடுத்துக் கையெழுத்திட்டு உங்களிடம் கொடுத்திருப்பேன். பிரிண்டரில் மை இல்லை. வத்தலக்குண்டிலிருந்து வரவேண்டும், வந்ததும் கொடுத்துவிடுவேன். அதுவரை யாரும் உள்ளே புகுந்து ஒரு வரியைக்கூட மாற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கணினியைப் பூட்டி வைக்கிறேன். அதே பாஸ்வேர்ட்தான். ஒருவேளை எனக்கு மறந்துவிட்டால் பொன்னனைக் கேளுங்கள். அவர் மறக்கமாட்டார்.