கேமரன் மலைப் புத்தகம்

மலேசியாவில், சிரம்பானிலிருந்து லுக்குட் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் ஒரு தடித்த லைப்ரரிப் புத்தகம்.

“அவ படிக்கக்கூடாதுன்னுதான் இத எடுத்துட்டு வந்தேன், கமலாக்கா” என்றார்.

“யாருடி?”

“என் கொழுந்தன் பொண்டாட்டி சாந்திதான். அடுத்த வாரம் கேமரன் மலைக்கு ஹாலிடே போறாங்க. போற எடத்தப் பத்திப் படிச்சுட்டுத்தான் போகணுமாம். புருஷன் படிச்சுக் காட்டுவாராம், இவ படுத்துக்கிட்டுக் கேப்பாளாம். எங்க வீட்டுக்காரரு எனக்கு மருந்து டப்பாவக்கூடப் படிச்சுக் காட்டுனதில்லலா.”

“அதுக்கு?”

“லைப்ரரில இது ஒண்ணுதான் இருந்துச்சு. அவளுக்கு முன்னாடி போயி எடுத்துட்டேன்.”

கமலாக்கா சிரித்துவிட்டார். “எடுத்து என்ன செஞ்ச?”

“சும்மா பொரட்டுனேன். பனி, பாசி புடிச்ச காடு, தேயில நட்ட நம்மாளுங்க கதை... கீழ வைக்க முடியலக்கா. இப்ப எனக்கும் போகணும்போல இருக்கு.”

“கேட்டுப் பாரேன். கார்ல எடம் இருக்கும்லா.”

அவர் மடியிலிருந்த புத்தகத்தை மூடினார்.

“அவளே மொதல்ல கூப்பிட்டா. குளிரு எனக்கு ஒத்துக்காதுன்னுட்டேன்.”

லுக்குட் வருவதற்குள் போனை எடுத்துவிட்டார்.

“சாந்தி, நான்தான். நீ தேடுன புத்தகம் எங்கிட்டதான் இருக்கு... இல்லடி, இன்னும் முடிக்கல. மிச்சத்த எல்லாரும் கார்ல போகும்போது படிச்சுக்கலாமா?”