மகோகனி கிட்டாரில் தேய்ந்திருந்த இடம்

என் பெயர் வர்த்தினி. வயது நாற்பத்து நான்கு. காலஞ்சென்ற கஸ்முரியின் மனைவி. மரச்சாமான்களுக்குப் பேர்போன ஜெபாராவில் தஹுனான் பகுதியில், மரக்கடைத் தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். பேருந்து நிலைய வாசலில் தெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்து விற்றுப் பிழைக்கிறேன். யாரும் மிரட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல் இதைச் சொல்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுக்கிற துணிச்சல் இந்த ஊரில் எவருக்கும் கிடையாது.

என் கணவர் டங்டுட் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்து வந்தார். ரெம்பாங்கில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்து திரும்பும்போது வேன் கவிழ்ந்து இறந்துபோனார். அந்த வேனில் வந்ததில் கீறல் விழாமல் தப்பியது அவருடைய கிட்டார் மட்டும்தான். கட்டிலுக்கு அறுத்தது போக மிஞ்சிய மகோகனித் துண்டில் அதைச் செய்துகொடுத்தவர் பர்வோத்தோ. அவர் எங்கள் தெருமுனையில் கிட்டார் பட்டறை வைத்திருக்கிறார். என் கணவருக்குக் கூடப்பிறக்காத தம்பி.

அந்தக் கிட்டாரின் மேல் விளிம்பில், வாசிக்கிறவரின் முன்கை படுகிற இடத்தில், சிவப்பு பெயிண்ட் தேய்ந்துபோய் மரம் தெரிந்தது. வேர்வை ஊறி ஓரம் கறுத்திருந்தது. மெல்லிய கம்பியை என் கணவர் அழுத்தி வளைத்து அழவைக்கிற இடத்தில், கழுத்தில் பதித்த ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டையில் சின்னதாகப் பள்ளம் விழுந்திருந்தது. என் விரல்நுனி அதில் சரியாக உட்காரும். கல்லறை ஊருக்கெல்லாம் பொது. இது எனக்கு மட்டும். கடையிலிருந்து வந்ததும் எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு, அந்தத் தேய்ந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காவல் நிலையத்தில் சொல்லவேண்டி வந்தது என் தலையெழுத்து.

அவர் இறந்த ஆயிரமாம் நாள் சடங்கு நெருங்கியது. அன்று கல்லறைக்குப் புதுக் கல் நட்டு, சாப்பாடு முடிந்ததும், குழுவினர் அந்தக் கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்க ஆசைப்பட்டார்கள். ஒலிபெருக்கி வயரைச் செருகிப் பார்த்தபோது கரகரவென்று இரைந்ததால், நான் அதைத் தூக்கிக்கொண்டு பர்வோத்தோவின் பட்டறைக்குப் போனேன்.

"வயர் செருகுற எடம் ஆடுது தம்பி. அத மட்டும் பாத்துக் குடுங்க."

"அண்ணன் கிட்டாரக் குடுத்துட்டு அத மட்டும்ங்கறீங்களே! விடுங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்."

தேய்ந்த இடத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. கணவனின் சிநேகிதனிடம் ஒருத்தி இதை எப்படிச் சொல்வாள்? வெட்கப்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் ஊரில் கால் ஆடுகிற நாற்காலியைக் கொடுத்தால்கூடப் புது வார்னிஷோடுதான் திரும்பி வரும். அது தெரிந்தும் பேசாமல் வந்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பர்வோத்தோ ஆள் அனுப்பியதால் போனேன். கிட்டாரை பாத்திக் துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தார்.

"கண்ண மூடுங்க அண்ணி. ம்... இப்பத் தொறங்க."

கடையில் நிற்கிற புது மோட்டார் சைக்கிள் மாதிரி சிவப்பாக மின்னியது.

"கல்லறைக்குப் புதுக் கல்லு நடறோம், இதுவும் புதுசா இருக்க வேணாமா? பழச வழிச்சுட்டு, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு மெருகு ஏத்தியிருக்கேன். ஃப்ரெட்டு பூரா புதுசு."

விளிம்பில் கையை வைத்தேன். வழுக்கியது. பழைய ஃப்ரெட் எங்கே என்று கேட்டேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார். அதன் பிறகு நான் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தேன். கழுத்து முறிந்தது. கம்பிகள் இழுத்த வேகத்தில் உடல்பகுதி எகிறித் திரும்பி பர்வோத்தோவின் புருவத்தைக் கிழித்தது. அவரை அடிக்க வேண்டுமென்று நான் ஓங்கவில்லை. பட்டுவிடக் கூடாது என்றும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

"அவர் கைய அழிச்சுட்டியேடா பாவி!" என்று கத்தினேன்.

அவர் மரத்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"தெரியும் அண்ணி. எனக்கும் அது அண்ணன் கைதான். வயர மட்டும் மாத்திக் குடுத்துரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். முடியல. அந்த எடம் என்னையே பாத்துட்டு இருந்துச்சு. உப்புத்தாள எடுப்பேன், வெச்சுருவேன். அப்புறம் அதப் பாத்துட்டே இருக்கறதுக்குப் பதிலா தேய்ச்சே போட்டுரலாம்னு..."

வாய்விட்டு அழுதார். ஐம்பது வயது ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் ஆறுதலுக்குத் தொட்ட இடத்தை அந்த மனிதரால் பார்க்கவே முடியவில்லை. அதன் பிறகு என் தலைத்துணியைக் கிழித்து அவர் புருவத்தைக் கட்டினேன். நானும் அழுதேன். சத்தம் கேட்டுப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் காவல்துறைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பரணிலிருந்து பலகை விழுந்து அடிபட்டதாக பர்வோத்தோ உங்களிடம் சொன்னதாக அறிகிறேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. அந்தப் பட்டறையில் பரணே இல்லை. அடித்தது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அவர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இவ்வளவையும் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். "அவர் அழுததெல்லாம் வழக்குக்குத் தேவையில்லம்மா, அந்த வரிய எடுத்துரலாம்" என்றார். எடுக்கக் கூடாது என்றேன். கஸ்முரிக்காக என்னைத் தவிர இன்னும் அழுகிறவர் எவருமில்லை என்று இத்தனை காலமும் இந்த ஊரையே சபித்துக்கொண்டிருந்தேன். அந்த வரி இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். வரி இருக்கிறது. மற்றவையும் நான் சொன்னபடியே இருக்கின்றன, நடந்ததும் இப்படித்தான்.

(ஒப்பம்)
வர்த்தினி