தட்டிப் பார்த்த ஆறு தூண்கள்

சென்ற திங்கட்கிழமை இடிபட வேண்டிய இந்த நீதிமன்றம் இடிபடவில்லை. இடிக்க ஏலம் எடுத்தவன் நான், நிறுத்தியவனும் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிட்டேன், இனி மரியாதையைச் செலுத்துகிறேன். தலைமை ஏற்று வீற்றிருக்கும் மாண்புமிகு நீதிபதி அவர்களே! முன்வரிசையில் முகம் சிவக்க அமர்ந்திருக்கும், நம் கவுண்டி நிர்வாகத்தை நடத்தும் ஆணையர் டெல்பர்ட் ஸ்ட்ரவுட் அவர்களே! வெயிலில் வாடும் பெரியோர்களே! கூடை நிறையக் கோழி பொரித்து வந்திருக்கும் தாய்மார்களே! பழைய கட்டடச் சாமான் வியாபாரி ஆர்வில் டாக்கெட்டின் அன்பு வணக்கம்.

அண்ணாந்து பாருங்கள், அன்பர்களே! முக்கோண முகப்பு! அதைத் தாங்கி முப்பதடி உயரத்தில் ஆறு வெண்தூண்கள்! தூணின் தலையில் ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அலங்காரம்! கிரேக்கத்துக் கோயிலொன்று கெண்டக்கிச் சோளக்காட்டுக்குக் குடிவந்ததோ? ஒவ்வொரு ஜூலை நான்காம் தேதியும், சுதந்திர நாளில், இந்தப் படியில் நின்று நம் தலைவர்கள் முழங்கினார்கள்: "இந்தக் கல்லைப் போன்றது நம் நேர்மை! இந்தக் கல்லைப் போன்றது நம் நீதி!" கை தட்டினோமா? தட்டினோம். தூணைத் தட்டினோமா? இல்லையே!

ஏன்? கயிறு! புராதனச் சின்னமாம். நம் ஆணையர் குழு தூண்களைச் சுற்றிக் கயிறு கட்டி, தொட்டால் ஐம்பது டாலர் அபராதம் என்று பலகை மாட்டியது. நாற்பது ஆண்டுகளாக நாய்கூட நெருங்கவில்லை. சிரிக்காதீர்கள் அம்மா, உங்கள் வீட்டு நாயும்தான்.

விரிசல் தெரிந்தது. பொறியாளர் வந்தார். சட்டத்துக்கு அஞ்சியவர், கயிற்றுக்கு இப்பால் நின்று, தொலைநோக்கியில் பார்த்து, "கல் பிளந்துவிட்டது, பழுது பார்க்க நாற்பது லட்சம் டாலர்" என்று எழுதினார். நாற்பது லட்சமா? இடி என்றது குழு.

நான் என்ன கலைக்காதலனா? ஒரு பல் மருத்துவர் தன் நீச்சல் குளத்தைச் சுற்றி நிறுத்தக் கல்தூண் கேட்டார். அதற்காகவே ஏலம் எடுத்தேன். ஆனால் தட்டிப் பார்க்காமல் ஒரு கதவுகூட வாங்கியவனல்லன் நான். கயிற்றைத் தாண்டினேன்.

ஆவணக் காப்பாளர் லொரெட்டா அம்மையார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "டாக்கெட், தொடாதய்யா! அம்பது டாலர் போயிரும்!"

"ரசீது போட்டு வைங்கம்மா!"

தட்டினேன். டொம்! அடுத்ததும் டொம்! ஆறும் டொம்!

கல்லா இது? பீப்பாய்! விஸ்கிப் பீப்பாய் செய்த நம்மூர்க் கைகள் பலகைகளை வட்டமாய்ச் சேர்த்து, ஈரச் சாயத்தில் மணல் தூவிக் கல்லாக்கியிருக்கின்றன. விரிசலா? பலகையும் பலகையும் சேரும் இடம், ஐயா!

ஆணையர் ஓடிவந்தார். "என்னய்யா சத்தம்?"

"நீங்களே தட்டிப் பாருங்க."

தட்டினார். முகம் வெளுத்தது. "ஐயையோ! மூணு தேர்தல்ல இந்தக் கல்லு மேல சத்தியம் பண்ணிருக்கேன்! வெளிய சொல்லாம இடிச்சுட்டுப் போயிருய்யா!"

"இடிச்சா உள்ள ஒண்ணுமில்லைன்னு ஊரே பாக்குமே! இடிக்காம விட்டா, பீப்பாய்க்குப் போடற மாதிரி தூணுக்கு நாலு இரும்பு வளையத்தோட போச்சு."

யோசித்தார். வாழ்நாளில் முதன்முறையாக, என்கிறார் லொரெட்டா. பிறகு இடிப்பை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார்.

மரம் என்றால் மட்டமா? மணல் தூவியவன் மோசக்காரனா? கல் வாங்கக் காசில்லாத ஊர், கையிலிருந்த தொழிலால் நீதிக்கொரு மாளிகை கட்டியது! நூற்றெண்பது ஆண்டு மழையைத் தாங்கியது மரம்! பனியைத் தாங்கியது மரம்! பேச்சாளர்களையும் தாங்கியது மரம்! ஒரே ஒரு ஆணையர் குழுவைத்தான் தாங்க முடியாமல் தவித்தது!

வெயிலையும் என்னையும் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். கோழி ஆறுமுன் ஒப்பந்தத்தைப் படித்துவிடுகிறேன். இடிப்பு ஏலம் ரத்து. பல் மருத்துவர் வேறு தூண் பார்த்துக்கொள்வார். வளையம், பலகை, சாயம், கூலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து நானூறு டாலர். ஆறு தூண் தொட்ட என் அபராதம் முந்நூறு அதில் கழிவு. கயிறு இன்றே அறுபடும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் படிக்கும் முன், ஆணையர் ஆறு தூண்களையும் ஊர் பார்க்கத் தம் கையால் தட்டிக் காட்ட வேண்டும்.