மூலை கறுத்த அருவி

எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், சார். அப்படிப்பட்ட நான் சேர்த்ததெல்லாம் மலைகள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் கம்பெனிகள் அச்சிட்டு விற்ற படக் கார்டுகள். மேற்கு மலைகள், குகைப் பாதைகள், அருவிக்கு முன்னால் ஒரு பாலம், பாலத்தின் மேல் எறும்பு மாதிரி ரயில். அரியலூர்ப் பக்கம் உயரமாக இருப்பது சுண்ணாம்புக்கல் தோண்டிக் கொட்டிய மண்மேடுதான். அதன் மேலும் நான் ஏறியதில்லை.

கீழப்பழுவூருக்கு நான்தான் தபால்காரன். அந்த ஊர்ச் செல்லதுரை எழுபத்தைந்தில் பம்பாய்ப் பக்கத்து மலையில் தண்டவாள வேலைக்குப் போனான். போகும்போது என் பைத்தியத்தை அவனிடம் சொல்லி வைத்தேன். அங்கே பழைய சாமான் கடையில் இந்தக் கார்டுகளைத் தேடிப்பிடித்து, அவற்றில்தான் பெண்டாட்டிக்கு எழுதுவான். அவள், பூமாலை, படிக்கத் தெரியாதவள். நான் படித்துச் சொன்னதும் கார்டை என்னிடமே தந்துவிடுவாள்.

"கடுதாசி எனக்கா ஒங்களுக்கான்னே தெரியலண்ணே," என்பாள். "படத்த நீங்க வச்சுக்குங்க. சேதி எனக்கு."

நியாயமான பங்கீடு.

எழுபத்தேழு ஆடியில், நான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அருவிப் படம் வந்தது. கையெழுத்து வேறு. மலை சரிந்து செல்லதுரை போய்விட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று கூட வேலை பார்த்தவன் எழுதியிருந்தான். தபால்காரருக்கென்று செல்லதுரை வாங்கி வைத்திருந்த கார்டு இது என்றும் ஒரு வரி. எழுத்துப் பக்கத்தில் நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது.

இழவுச் சேதிக் கார்டை நம் பக்கத்தில் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். படித்ததும் வாசலிலேயே சுக்கலாகக் கிழித்துவிடுவார்கள். எத்தனையோ வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.

பூமாலை நெல் அவித்த ஈரக் கையோடு வந்தாள். அருவி அவள் பக்கமும் கறுப்பு என் பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு படித்தேன். நலம். இங்கே மழை ஜாஸ்தி. பிறகு எழுதுகிறேன்.

"எம்மாந் தண்ணி பாருங்க," என்று சிரித்தாள். "அதுல ஒரு கொடம் இங்க அனுப்பச் சொல்லுங்க."

அப்புறம் என் சேகரிப்புப் பெட்டியிலிருந்து அவள் பார்த்திராத கார்டுகளை மாதம் ஒன்றாக எடுத்துப்போய், அவன் எழுதியதாகப் படித்தேன். நிறையப் புத்தகம் படிப்பவன் நான். செல்லதுரையைவிட நன்றாகவே எழுத வந்தது. பணம் வராததற்கு ஒரு கொடுமைக்கார காண்டிராக்டரை உண்டாக்கினேன். அவன்மேல் எனக்கே கோபம் வந்தது. அவள் சுமங்கலியாகவே இருந்தாள். அது என் உபயம்.

ஊர்ப்பக்கமே வராதவனை விட்டுவிட்டுத் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவள் அத்தை மகன் பஞ்சநாதன் நடையாய் நடந்தான். "மாசா மாசம் எழுதுற மனுசன் இருக்கையில ஒனக்கு என்னா மாமா பேச்சு? போயி சோலியப் பாரு," என்று அவள் விரட்டியபோது சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன மாசியில் அவளே கிளம்பிவிட்டாள். "அந்த அருவிப் படத்தக் குடுங்கண்ணே. காட்டிக் கேட்டா யாராச்சும் வழி சொல்லுவாங்க."

பின்பக்கத்தை யாராவது படித்துவிடுவார்கள் என்று பயந்தாயா என்று கேட்டீர்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. கசங்கிவிடுமே என்றுதான் நினைத்தேன். எழுத்தில்லாத, முன்பே மடிந்துபோன வேறொரு அருவிக் கார்டைக் கொடுத்தேன். அது நீலகிரி. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு அரியலூரில் ரயிலேறினாள். சன்னலோரமாக இடம் பிடித்துக் கொடுத்தது நான்தான்.

இன்னும் வரவில்லை. பஞ்சநாதன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்ததிலோ, நீங்கள் என் பெட்டியைத் திறந்ததிலோ எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்று. அந்த அருவிக் கார்டைக் கோப்பில் கோர்க்க ஓட்டை போடுவீர்கள். மூலையில் போடுங்கள், சார். அங்கே ஏற்கெனவே கறுத்துத்தான் இருக்கிறது. அருவியில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.