சத்தம் போடுகிற வண்டி

சோமனூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் வயதான புருசனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் மடியில் மினி டிராக்டர் நோட்டீஸ் ஒன்று, பவர் டில்லர் நோட்டீஸ் ஒன்று.

“எது சத்தம் அதிகமாப் போடுதோ, அதையே வாங்கிக்கலாமுங்க” என்றார் அந்தம்மா. என் காது தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

“ஏம்புள்ள, தக்காளிக் காட்டுல சத்தத்த வெச்சு என்ன பண்றது? டிராக்டர்னா உக்காந்துட்டே ஓட்டலாம். முட்டி வலிக்காது.”

“செடிக்கு நடுவுல அது நுழையாதுங்க. டில்லர்தான் நல்லாக் கத்துது. கடையில ஓட்டிக் காட்டுனப்ப நம்ம தறி ஓடுன குடோன் நெனப்பு வந்திருச்சு.”

“தறிய வித்து எத்தன வருசமாச்சு! இன்னும் அந்தச் சத்தங் கேக்கோணுமா?”

“அந்தக் கோடியில நீங்க நிப்பீங்க, இந்தக் கோடியில நானு. பேசுனாக் கேக்காது. இழை அந்து போச்சு, பசிக்குது, டீ வேணும், எல்லாமே கைச்சாடைதான். ஒரு நாளாச்சும் சண்டை போட்டிருப்பமா? தறி நின்ன பொறவுதான் வாயே தொறந்துச்சு, ரெண்டு பேருக்கும்.”

பெரியவர் டிராக்டர் நோட்டீஸை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டார். பிறகு அந்தம்மாவைப் பார்த்து, டம்ளரைப் பிடிப்பதுபோல் விரல்களைக் குவித்து உதட்டருகே கொண்டுபோனார்.

“எறங்குனதும் குடிக்கலாமுங்க” என்றார் அந்தம்மா.