தேய்த்து எடுத்த வரி

—அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய ஏம்பா நோண்டற? ஏலம் எடுத்தவன் லாரியோட வேப்பூர் தாண்டிட்டான்னு போன் வந்துடுச்சு. வந்ததும் எண்ணிப் பாத்துதான் ஏத்துவான். ஒரு நட்டு கொறைஞ்சாலும் வாட்ச்மேன் ராஜமாணிக்கம் தின்னுட்டான்னு எழுதிடுவாங்க.

—நட்டு எதுவும் எடுக்கல மாமா. எழுத்து மட்டுந்தான் எடுக்கறோம். எழுத்த எடுத்தா எடை கொறையாது.

—தோ பாரு கார்முகிலு, நக்கல காலேஜோட வெச்சிக்க. இது பூட்டுன பீங்கான் கம்பெனி. அதுலயும் டிஸ்பென்சரி. இங்க சிரிக்கக் கூடாது.

—மாமா, அவன் வாயி அப்படித்தான். கோச்சுக்காதீங்க. அரை மணி நேரம் போதும். எங்கப்பா பேருல இருக்கற ஒரு பக்கம், அவ்வளவுதான்.

—சூசைநாதன் பொண்ணுன்றதுனாலதான் பூட்டத் தொறந்தன் நான்சி. ஒரே நாள்ல சேந்தவங்க நாங்க. அவன் கல்மாவு அரைக்கிற ஷெட்டு, நான் கேட்ல காவல். இப்ப எப்டி இருக்கறான்?

—உக்காந்துக்கிட்டே தூங்கறாரு. படுத்தா மூச்சு அடைக்குது. ஒம்போது மாசமா டிபி மாத்திரை. சளியில கிருமியே இல்லைன்னு மூணு தரம் சீட்டு குடுத்துட்டாங்க. ஆனா மாத்திரைய நிறுத்த மாட்டேன்றாங்க. நிறுத்தச் சொல்றதுக்குக் காரணம் வேணுமாம்.

—அதுக்கு இந்தப் பொட்டி என்னா பண்ணும்?

—பாண்டிச்சேரியில ஒரு பெரிய டாக்டரு பாத்தாரு மாமா. இது கல்லு தூசியால வந்ததா இருக்கும்மா, அஞ்சாறு வருஷம் முன்னாடியே நுரையீரல்ல நிழல் இருந்திருக்கணும்னாரு. கம்பெனியில வருஷா வருஷம் நெஞ்சுப் படம் எடுத்தாங்கல்ல? அதுல என்ன எழுதியிருந்துச்சோ அதக் கொண்டா, மாத்திரைய நிறுத்திட்டு வேற வைத்தியம் பாக்கலாம்னாரு. வெறும் வாய்ப்பேச்ச வெச்சு நிறுத்த முடியாதாம்.

—படம் இருந்துச்சே? பீரோ நெறைய.

—அந்த ஃபிலிமுல துளி வெள்ளி இருக்குதாம் மாமா. மொத ஏலத்துலயே கிலோ கணக்குல போயிடுச்சு. இருநூத்திப் பன்னெண்டு பேரோட நெஞ்சும் இந்நேரம் யாரு காலுலயாவது கொலுசா இருக்கும்.

—கார்முகிலு!

—சரி, சிரிக்கல.

—படம் போனா போவுது பாப்பா. டாக்டரு கையால எழுதுன மஞ்ச அட்டை... அய்யய்யோ. அதச் சூளையில போட்டவனே நான்தான். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, அட்டைக்குக் கரையான் வருதுன்னு என்னத் தள்ளுவண்டியில தள்ளிக்கிட்டுப் போகச் சொன்னாங்க. அன்னிக்கு வெந்த ஃப்யூஸ் கட்டையில ஒண்ணுகூட கீறல் வுடல.

—அதனாலதான் மாமா, மிச்சம் இருக்கறது இந்தப் பொட்டி ஒண்ணுதான். இதுவும் போயிட்டா எங்கப்பா நெஞ்சுல என்ன இருந்துச்சுன்னு சொல்றதுக்கு எங்கயும் ஒரு எழுத்து கிடையாது.

—அப்ப பிரிண்டு போட்டு எடுத்துக்கிட்டு கெளம்புங்க.

—பிரிண்டரு மொத ஏலத்துலயே போயிடுச்சு மாமா. ஃபைலத் தூக்கிக்கிட்டுப் போகலாம்னா, இந்த டாக்டர் புரோகிராம் எழுதி வெச்சத வேற எந்தக் கம்ப்யூட்டரும் படிக்காது. ஸ்கிரீன்ல பாக்கலாம், எடுக்க முடியாது. கடைக் கண்ணாடிக்குள்ள ஜாங்கிரி மாதிரி.

—பாத்து நோட்டுல எழுதிக்கயேன் பாப்பா.

—நானும் அதத்தான் கேட்டேன் மாமா.

—கையால எழுதுனா சூசைநாதன் பொண்ணு எழுதுனதும்பாங்க. அதையே பாலக்கரை பிரவுசிங் சென்டர்ல பிரிண்டு போட்டா ரெக்கார்டும்பாங்க. எழுத்து ஒண்ணுதான். மையிதான் வேற.

—சரி, எப்டி எடுக்கப் போற?

—இந்தா, இந்த ஃப்ளாப்பியில ஒரு குட்டி புரோகிராம் இருக்குது. ஒருதரம் கூப்பிட்டா போதும், மெமரிக்குள்ள போயி ஒக்காந்துக்கும். கண்ணுக்குத் தெரியாது. வேற எந்த வேலை நடந்தாலும் கூடவே இருக்கும். மவுஸ வெச்சு ஸ்கிரீன்ல எழுத்து மேல தேச்சா, தேச்சது முழுக்க அது வாயில வெச்சிக்கும். வேற எடத்துல போயி வலது பட்டன அமுத்துனா, நாமளே கீபோர்டுல அடிச்ச மாதிரி அப்படியே துப்பும்.

—கண்ணுக்குத் தெரியாம வூட்டுக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டு, நாம பேசறத எல்லாம் எடுத்து வெச்சிக்கிட்டு, வேற எடத்துல போயி துப்புமா? எங்க மாமியா இருந்தாங்க அந்த மாதிரி.

—அவங்களுக்கு எத்தன கேபி மாமா?

—மவுசு ஏது உனக்கு? இந்தப் பொட்டிக்கு மவுசே கிடையாதே.

—காலேஜ் லேப்லேர்ந்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தேன்.

—கேட்டு எடுத்தியா?

—எடுத்துட்டேன் நான்சி. கேக்கறது பாக்கி.

—எதோ ஒண்ணு, சீக்கிரம் பண்ணு. கரண்டு வேற ரெண்டு மணிக்குப் போயிடும்.

—இரு, மெஷினு எழுந்திரிக்கட்டும். ரெண்டு வருஷமா தூங்குனது. கொட்டாவி வுடாதா?... ம், வந்துடுச்சு. எலி உள்ள போயாச்சு. பாரு, ஸ்கிரீன்ல கட்டை மாதிரி ஒண்ணு ஓடுதே, அதான்.

—ஏய், ஆமாம்! மாமா, இங்க பாருங்க. எழுத்து மேல இழுத்தா வெள்ளையாயிடுது.

—தொட்டா ஷாக் அடிக்காதே?

—நம்ம கம்பெனி பீங்கான் போட்டதுதான் மாமா, அடிக்காது.

—கார்முகிலு, எஸ்ஸு போடு. எஸ்ஸு. சூசைநாதன்.

—போடறேன்... மொதல்ல ஒண்ணு சோதிச்சுப் பாத்துக்கலாமா? வேற யாருதாவது?

—சோதிக்கவா நேரம்? லாரி வந்துக்கிட்டு இருக்குது. ஏன் கீபோர்டுலேர்ந்து கைய எடுத்துட்ட?

—காலையில சாப்பிடல.

—நகரு, நானே அடிக்கிறேன். எஸ், ஓ, ஓ... தோ, வந்துடுச்சு! மாமா, அப்பா பேரு! டோக்கன் நம்பரு நூத்தி எம்பத்தி ஆறு. கல்மாவு ஷெட்டு. தொண்ணூத்தி அஞ்சு... தொண்ணூத்தி ஆறு...

—என்னா போட்டிருக்குது பாப்பா?

—இங்கிலீசுல இருக்குது. 'போத் லங்ஸ் கிளியர். ஃபிட் ஃபார் டியூட்டி.'

—அப்டின்னா?

—ரெண்டு நுரையீரலும் சுத்தம். வேலை செய்யலாம்னு.

—அடுத்த வருஷம்?

—அதேதான். தொண்ணூத்தி ஏழும் அதேதான். எட்டு... ஒம்போது... ரெண்டாயிரம்... எல்லாம் சுத்தம். மாமா, தொண்ணூத்தி எட்டுல அப்பா படியேறி வந்தா அஞ்சு நிமிஷம் பேச மாட்டாரு. எப்படி சுத்தம்?

—என்னுதப் போட்டுப் பாரு.

—எதுக்கு மாமா, நேரமாவுது.

—நீ சும்மா இரு தம்பி. பாப்பா, நீ போடு. ராஜமாணிக்கம், வாட்ச்மேன்.

—ஆர்... ஏ... வந்துடுச்சு. 'போத் லங்ஸ் கிளியர். ஃபிட் ஃபார் டியூட்டி.' உங்களுக்கும் சுத்தம் மாமா.

—எனக்கு எப்டி பாப்பா சுத்தம்? வாட்ச்மேனுக்கு நெஞ்சுப் படமே கெடையாது. அந்த மெஷினு முன்னாடி என்ன ஒருநாளு நிக்க வெச்சதில்ல.

—கேட்லயே நின்னீங்களே மாமா, தூரத்துலேர்ந்து எடுத்திருப்பாங்க.

—கார்முகிலு, வாய மூடு. மாமா, ஒரு நுரையீரல எடுத்துட்டாங்களே ஒருத்தருக்கு, நல்லூர்க்காரரு...

—மாணிக்கவேலு. தொண்ணூத்தி ஒம்போதுல மெட்ராஸ்ல வெச்சு எடுத்தாங்க. ஒத்த நுரையீரல்தான்.

—எம்... மாணிக்கவேல். தொண்ணூத்தி ஒம்போது, 'போத் லங்ஸ் கிளியர்'. ரெண்டாயிரம், 'போத் லங்ஸ் கிளியர்'.

—எடுத்த நுரையீரலும் சுத்தமா இருந்திருக்குது போலருக்கு.

—இப்ப சிரிக்கற மொகமாடா இது? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கற? கார்முகிலு, என்னப் பாத்துச் சொல்லு. நீ பிளஸ் டூ முடிச்சிட்டு லீவுல எங்க வேலைக்குப் போன?

—இங்கதான்.

—இங்கன்னா?

—இந்த நாற்காலிதான் நான்சி. ரெண்டாயிரத்தி ஒண்ணு மே மாசம். அட்டையப் பாத்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எட்டு நாள்ல இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னாங்க. இருநூத்திப் பன்னெண்டு அட்டை. டாக்டரு கையெழுத்து எறும்பு செத்துக் கெடக்கற மாதிரி இருக்கும். மொத அட்டை மட்டும் ஒழுங்கா படிக்க வந்துச்சு.

—யாரு அட்டை?

—ஏ-ல மொத பேரு. ஆண்டாளு.

—எந்த ஆண்டாளு? ஆபீஸ் ரூம் கூட்டறதுக்கு வந்துச்சே, ஸ்ரீமுஷ்ணத்துப் பொண்ணு? அது சேந்தே பத்து நாளுதானே அப்ப?

—ஆமாம் மாமா. நல்ல நெஞ்சு. அத அடிச்சேன். அப்புறம்... அப்பதான் இந்தக் குட்டி புரோகிராம ஃபிரண்டு ஒருத்தன் குடுத்திருந்தான். ஆண்டாளு வரிய ஒருதரம் தேச்சேன். அடுத்த ஆளு பக்கத்துல எல்லா வருஷத்துலயும் வலது பட்டன அமுத்துனேன். அப்புறம் அடுத்த ஆளு. ஒரு வரிக்கு ரெண்டு செகண்டு. எல்லாரும் என்னா வேகம்டான்னாங்க.

—கம்பெனி முழுக்க ஆண்டாளு நெஞ்சா?

—'எம்' வரைக்குந்தான் மாமா நான் அடிச்சேன். சத்தியமா. அதுக்குள்ள ரிசல்ட்டு வந்துடுச்சு, காலேஜ் பாரம் வாங்கக் கெளம்பிட்டேன். மிச்சத்த கலியமூர்த்தி கம்பவுண்டரு அடிச்சாரு. அவரு முப்பது வருஷமா டாக்டரு கையெழுத்தப் படிச்சவரு. எஸ்ஸுல இருக்கறது உண்மையா இருக்கும்னுதான் நான்சி உன்ன இங்க கூட்டிக்கிட்டு வந்தேன். அத நம்பித்தான் வந்தேன்.

—அவரும் இதையேதானே போட்டிருக்காரு?

—அவருக்கு ஒரு விரலாலதான் டைப் அடிக்கத் தெரியும். பாவமேன்னு போறப்ப கத்துக் குடுத்துட்டுப் போனேன்.

—எத?

—தேய்க்கறத.

—அட்டையில எங்கப்பாவுக்கு என்ன எழுதியிருந்துச்சு?

—எஸ் அட்டைய நான் தொடவே இல்ல.

—அப்ப நீயே அடி. இங்கயே, இதுலயே. தொண்ணூத்தி ஆறுலேர்ந்து நிழல்னு அடி. அத தேச்சு எடுத்துக்கிட்டுப் போறேன்.

—அடிக்கலாம். எந்தப் பக்கம் நிழல்? எவ்வளவு? எந்த வருஷம் வந்துச்சு? டாக்டரு கேப்பாரே.

—எதையாவது அடி! இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு அடிக்கும்போது மட்டும் இதெல்லாம் கேட்டியா?

—பாப்பா, அழாத. நான் ஒண்ணு சொல்றன், தப்பா எடுத்துக்காத. நாம அடிச்சத நம்பி அந்த டாக்டரு மாத்திரைய நிறுத்திட்டாருன்னு வெச்சிக்க. அது நெசமாவே டிபியா இருந்து தொலைச்சா? அப்பன நாமளே கொன்ன மாதிரி ஆவாது?

—அப்ப என்னதான் மாமா பண்றது?

—தெரியல பாப்பா.

—வேற யாரோடதாவது இருக்குமா கார்முகிலு? அப்பாகூட ஷெட்ல இருந்தவங்க? ஒருத்தருக்காச்சும் உண்மைய அடிச்சியா நீ?

—ஒருத்தருக்கு.

—யாருக்கு?

—ஆண்டாளுக்கு.

—லாரி சத்தம் கேக்குது. அமத்திட்டு எழுந்திரிங்க. மவுச எடுத்துக்க தம்பி, அதையும் சேத்து எண்ணிடப் போறான்.

—நான்சி, நான் எதையும் மறைக்கணும்னு பண்ணல. பதினேழு வயசு. அது ஒரு வரிதான். ஒரு வரிய யாரு ஒக்காந்து படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவரே ஸ்கிரீனப் பாக்காம டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாராம். இந்த ரெண்டு வருஷத்துல இதத் தொறந்து பாத்த மொத ஆளு நாமதான்.

—இல்ல தம்பி.

—என்ன மாமா?

—இன்னொரு தரம் தொறந்தாங்க. அந்த வருஷம் ஆவணி மாசம். மூச்சு வாங்குது, மாவு ஷெட்டு வேணாம்னு சூசைநாதன் மனு குடுத்திருந்தான். உங்ககிட்டல்லாம் சொல்லியிருக்க மாட்டான் பாப்பா. கேட்ல என்கூட நிக்கறதுக்கு அவனுக்கு ஆர்டரு அடிச்சு, கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மேனேஜரு இந்தப் பொட்டியத் தொறக்கச் சொல்லி அந்த ஒரு வரியப் படிச்சாரு. படிச்சிட்டு ஆர்டரக் கிழிச்சாரு. அப்புறம் கம்பெனி பூட்டற நாளு வரைக்கும் அவன் அந்த ஷெட்லதான் இருந்தான்.