ஒரே அட்டையில் ஊரே வாசித்தது

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டால் இருமிக் காட்டுவதற்கென்றே காத்திருக்கும் பெரியவர் சபாரத்தினம் அவர்களே! ஷிப்ட் முடிந்த கையோடு குளிரையும் பாராமல் வந்திருக்கும் சான்றோர்களே! நோர்பரியிலிருந்தும் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! லண்டன் டூட்டிங் வாழ் தமிழ் நெஞ்சங்களே! கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் நாம் எதைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம்? நம் பகுதி நூலகத்தில் ஒன்றாயிருந்த தமிழ் அலுமாரி இன்று இரண்டாகியிருக்கிறது! பெற்றுத்தந்தது யார்? நானா? சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சென்ற ஆண்டு கவுன்சில் என்ன சொன்னது? "தமிழ்ப் புத்தகங்களை ஒரே ஒருவர்தான் எடுக்கிறார், அலுமாரியை அகற்றப்போகிறோம்" என்றது. அந்த ஒருவர் நம் தவநாயகி அக்கா. அவர் தம் நூலக அட்டையில் எடுக்கும் புத்தகம் கமலாம்பிகை வீட்டு அடுப்படிக்குப் போகும். அங்கிருந்து எட்வேட் அண்ணையின் கடைக்குப் போகும். தெருவே வாசித்த பின்தான் நூலகம் திரும்பும். "அக்காவின்ர காட் இருக்கேக்க எங்களுக்கு ஏன் வேற காட்?" என்று இருந்துவிட்டோமே! அந்தப் பழக்கமே அலுமாரிக்கு வினையாயிற்று.

கவுன்சில் கூட்டத்துக்குப் போனோம். நான் எழுந்தேன். தமிழின் தொன்மையை முழங்கினேன், மேன்மையை முழங்கினேன். கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்தார். அலுமாரி கைநழுவுகிறது என்று எனக்கே விளங்கிவிட்டது. அப்போது அக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "தம்பி, இரும். நான் கதைக்கிறன்."

அவர் நம் கதையைச் சொல்லவில்லை; அவர்கள் கதையைச் சொன்னார்! தடுமாறாத ஆங்கிலத்தில் கேட்டார்: "ஐயா, இந்த ஊரின் வரலாற்றை உங்கள் நூலகத்தில்தான் வாசித்தேன். அந்நாளில் இங்கிருந்த தொழிலாளர்கள் பொதுவில் ஒரு பத்திரிகை வாங்கினார்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். அந்தக் கூட்டம் போராடித்தான் இந்த நூலகம் வந்தது. வாங்கியது ஒரு பத்திரிகை என்பதால், உங்கள் பாட்டன்மார் வாசிக்காதவர்கள் ஆவார்களா?"

பிறகு நம் பக்கம் திரும்பினார். "வாசிச்ச ஆக்கள் எல்லாரும் எழும்புங்கோ!"

எழுந்தோமே! கிழவரும் எழுந்தோம், குமரியரும் எழுந்தோம், கைக்குழந்தையோடு தாயும் எழுந்தாளே! கவுன்சிலர் கடிகாரத்தை மறந்தாரே! "அலுமாரி இருக்கட்டும், இன்னொன்றும் வரட்டும்" என்றாரே!

அக்காவைத் தலைவியாக்கியது எது? பதவியா? பட்டமா? கதையும் வாசித்தார், கணிதமும் வாசித்தார், தேனீ வளர்ப்பும் வாசித்தார். தாம் குடிவந்த மண்ணின் கதையையும் தேடி வாசித்தார்! தன் பெருமையை மட்டும் வாசித்தவன் முழங்குவான். பிறர் வரலாற்றையும் வாசித்தவள் வெல்வாள்! முழங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

பின்வரிசையில் யாரது "ஓம், ஓம்" என்பது? அருட்பிரகாசமா? தலையாட்டினால் போதாது தம்பி, நாளைக்கே உன் பெயரில் ஒரு காட் எடு!

அக்காவை மேடைக்கு அழைத்தோம். "எனக்கு ஏலாது" என்றுவிட்டார். அதோ, மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கிறாரே, அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது! இந்த இனத்தில் பிறந்ததற்கு நெஞ்சம் நிமிர்கிறது ஐயா!

அவர் அடுத்த பக்கம் புரட்டட்டும், நான் அமர்கிறேன். இதுவரை கேட்ட உங்களுக்கு நன்றி. இனி வாசிக்கப்போகும் உங்களுக்கு வணக்கம்!